சதுரமாக ஒரு சோமாசி

யாழினி முக்காலியின் மேல் ஏறி நின்று, பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்திருந்தேன். ஆவி மட்டும் அடங்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் அது படியப் படிய, சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள்.

"அம்மா, கொஞ்சம் இரும்மா. உன்னோடது சதுரமா இருக்கும். இன்னும் வர்ல."

சாப்பாட்டு மேசையில் அவள் அம்மா கலா, என் மருமகள், உட்கார்ந்திருந்தாள். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து, தூங்கி எழுந்த முகம். தட்டில் அரை நிலா வடிவத்தில் ஏழெட்டு சோமாசிகள் கிடந்தன. வெண்ணெயில் வதக்கிய வெங்காயம் மேலே மினுமினுத்தது. அவள் ஒன்றையும் தொடவில்லை.

"எதுனா ஒண்ணு துன்றேன் யாழு. எல்லாம் ஒரே மாவுதானே? பசிக்குதுடி."

"இல்லம்மா. அது உனக்குன்னே செஞ்சது."

சின்னவன் கவின் மேசைக்கடியில் குந்திக்கொண்டு வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்த மேடையைத்தான் துடைத்தேன்.

கரண்டி பானையின் அடியில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைப் பொறுக்க முடியாமல் சொன்னேன்:

"கரைஞ்சிருக்கும்மா. மூலை சரியா ஒட்டியிருக்காது. தண்ணியிலே வெடிச்சிப் போயிருக்கும்."

கரண்டி நின்றது.

நான் சொன்னது பொய். அந்தச் சதுரம் பானைக்குள் போகவே இல்லை. எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். சொல்கிறேன். அதற்கு முன்னால், வல்லக்கோட்டை சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் போலந்து எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெட்டி போகும் ஊர்

இந்தத் தொடரில் இதுவரை தொழிற்சாலையைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். காஞ்சிபுரத்தில் வேதியியல் படித்துவிட்டு, அம்பத்தூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகனாகச் சேர்ந்து, பிறகு ஒரகடத்தில் அதே துறைக்குத் தலைவனாகி ஓய்வு பெற்றவன் நான். சரியானதைப் போக விட்டு, தவறானதைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். சமையலறைக்கும் எனக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. என் மனைவி இருந்தவரை, தண்ணீர் குடிக்கப் போனால்கூட "இன்னா வேணும் சொல்லுங்க, நான் எடுத்தாறேன்" என்று வாசலிலேயே மறித்துவிடுவாள். நான் போனால் டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கிவிடுவேன் என்ற பயம். நியாயமான பயம்.

மருமகள் கலா வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். ஒரு காரின் உடம்புக்குள் ஓடுகிற ஒயர்களை அளவாக வெட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி, டேப் சுற்றி, ஜடை மாதிரி பின்னித் தருகிற கம்பெனி. அதில் ஒரு லைனுக்கு அவள் சூப்பர்வைசர். என் மகன் கார்த்தி மறைமலை நகரில் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறான். மற்றவர்களுக்கு விடுமுறை வந்தால்தான் அவனுக்கு வேலை. வாரம் முழுக்க ஓடும் மெஷினை ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினால்தானே பிரித்துப் பார்க்க முடியும்? கலா ஷிப்ட் முடிந்து வந்து மதியம் வரை தூங்குவாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் இருவருக்கும் நான், எனக்கு அவர்கள்.

இதெல்லாம் தொடங்கியது யாழினி கேட்ட ஒரு கேள்வியில். நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை, இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கலா தலைக்குக் கிளிப் மாட்டியபடியே சொன்னாள்:

"இந்த வாரம் பூரா மெக்சிகோ லோடு மாமா. பெட்டி மேல பெட்டியா அடுக்கிகினே இருந்தோம். முதுவு போச்சி."

"அம்மா, நீ செஞ்ச பெட்டி மெக்சிகோ போவுதா?"

"ஆமாண்டி. கப்பல்ல."

"நீ போவலியா?"

"நான் எங்கடி போறது? ஒரகடம் சிக்னல் தாண்டவே பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆவுது."

யாழினி விடவில்லை. "உன் பெட்டி போற ஊர்ல இன்னா சாப்புடுவாங்க?"

கலாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். படித்தவன் என்ற முறையில் நானும் யோசிப்பதுபோல் மோவாயைத் தடவினேன். எனக்கும் தெரியவில்லை. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

மறுநாள் நாங்கள் மெக்சிகோ சமைத்தோம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வாரம் கலாவின் லைனிலிருந்து எந்த நாட்டுக்குப் பெட்டி போகிறதோ, ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் அந்த நாட்டுச் சாப்பாடு. கலா தூங்கி எழுந்து வரும்போது தட்டில் அவள் பெட்டி போன ஊர் இருக்கும்.

மெக்சிகோ பசை

முதல் ஞாயிறு பெருந்தோல்வி. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஏதோ கைதேர்ந்தவர்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

மெக்சிகோக்காரர்கள் மக்காச்சோள மாவில் ரொட்டி சுட்டு, உள்ளே காய்கறி வைத்துச் சுருட்டிச் சாப்பிடுகிறார்கள் என்று போனில் ஒரு வீடியோ காட்டியது. ஒரகடத்தில் சூப்பர் மார்க்கெட் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு எஞ்சினியர்கள் வந்து தங்க ஆரம்பித்த பிறகு, நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர் போட்ட பாட்டில்களையும் அங்கே அடுக்கியிருக்கிறார்கள். அங்கே போய் "கார்ன் ஃப்ளோர்" என்று கேட்டேன். பையன் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தான். திறந்தால் வெள்ளை வெளேரென்று, முகப் பவுடர் மாதிரி இருந்தது. சூப்பைக் கெட்டியாக்கப் போடுகிற சோள ஸ்டார்ச் அது. வேதியியல் படித்தவன் அதைப் பார்த்த உடனே புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன்.

பிசைந்தால் கல் மாதிரி இறுகும். கையை எடுத்தால் பால் மாதிரி ஓடும். கவினுக்கு வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. "தாத்தா, இது உசுரோட கீது!" என்று கத்திக்கொண்டு முழங்கை வரை விட்டுக் குழப்பினான். யாழினி ஒரு கரண்டியைத் தோசைக்கல்லில் ஊற்றினாள். அது பளபளவென்று ஒட்டிக்கொண்டு, பிறகு ஓரத்தில் கருகத் தொடங்கியது.

மாடி அறையில் இசக்கி என்ற பையன் குடியிருக்கிறான். திருநெல்வேலிப் பக்கம். டயர் கம்பெனியில் வேலை. வாசனை பிடித்து இறங்கி வந்துவிட்டான்.

"என்ன தாத்தா, அடுப்புல எதையும் வச்சிட்டு மறந்துட்டியளா? மேல வரைக்கும் தீஞ்ச வாட அடிக்கி."

"மெக்சிகோ அண்ணா" என்றாள் யாழினி.

இசக்கி தோசைக்கல்லை எட்டிப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். விரலைத் திரும்ப எடுக்க இழுக்க வேண்டியிருந்தது.

"ஏ பிள்ள, இத வச்சி சுவத்துல போஸ்டர் ஒட்டலாம் பாத்துக்க."

கடைசியில் கோதுமை மாவுச் சப்பாத்திக்குள் ராஜ்மாவை வைத்துச் சுருட்டிக் கலாவின் முன் வைத்தோம். அவள் ஒரு கடி கடித்துவிட்டு, "இன்னா மாமா, மெக்சிகோ நம்மூரு மாதிரியே கீதே" என்றாள். இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைக் கார்த்திக்கு எடுத்து வைத்தாள்.

துருக்கிக்குப் பெட்டி போன வாரம் மைசூர் பருப்பில் சூப் வைத்தோம். எலுமிச்சை பிழிந்து, வெண்ணெயில் மிளகாய்த்தூளைத் தாளித்து ஊற்றினோம். கவின் அதைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டான். ஜப்பான் வாரம் முட்டைக்கோஸ் நறுக்கிப் போட்டு, முட்டை ஊற்றி, தடிமனாக ஒரு அடை. யாழினி அதை "முட்டைக்கோஸ் ஊத்தப்பம்" என்றாள். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

மூன்று நிறத் தட்டுகள்

நான் ஓய்வு பெற்ற அன்று என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள் விளையாட்டாக ஒரு பரிசு தந்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் அவை இருக்கும். சரியான உருப்படி பச்சையில். சின்னக் குறை, திருப்பிச் செய்து சரிபண்ணலாம் என்றால் மஞ்சளில். எதற்கும் உதவாது என்றால் சிவப்பில்.

அவற்றைச் சமையலறைக்குக் கொண்டு வந்தேன். பச்சையில் கழுவிய காய்கறி. சிவப்பில் தோலும் குப்பையும். மஞ்சளில் வெங்காயம் பூண்டு போட்டு வைத்தோம். அந்த மஞ்சள் தட்டின் அசல் வேலை எனக்கே மறந்துபோனது.

என்னோடு ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கம், மூட்டு வலிக்கு மருந்து, யாருக்குப் பேரன் பிறந்தான் என்பதுதான் அதில் வரும். நான் ஞாயிறுதோறும் படம் போட ஆரம்பித்தேன். "இன்று எங்கள் வீட்டில் துருக்கி." கைதட்டுகள் வரும். கட்டைவிரல்கள் வரும். வாரம் முழுக்க அந்தக் கட்டைவிரல்களை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

ஜப்பான் அடையின் படத்தைப் போட்டபோது ஒருவர் எழுதினார்: "ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ் சேரலையே சார். உங்க காலத்துல இதை பாஸ் பண்ணியிருப்பீங்களா?" கீழே பத்துப் பேர் சிரித்திருந்தார்கள்.

நட்பில் சொன்னதுதான். நானும் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். ஆனால் அது எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அடுத்த வாரம் போலந்து.

அந்த ஞாயிறு

போலந்தில், மசித்த உருளைக்கிழங்கும் பனீரும் கலந்த பூரணத்தை மைதா வட்டத்தில் வைத்து மடித்து, ஓரத்தை அழுத்தி, கொதிக்கும் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். மடித்தால் அச்சு அசல் நம் தீபாவளி சோமாசி. அதற்குப் போலந்துப் பெயர் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அது "போலந்து சோமாசி".

எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டினேன். ஒரு வட்டத்துக்கு ஒரு ஸ்பூன் பூரணம், தலை தட்டி. ஓரத்தில் முள்கரண்டியால் ஒரே இடைவெளியில் கோடு. லைனில் நிற்பது மாதிரியே இருந்தது. என் பக்கம் பச்சைத் தட்டில் வரிசை வரிசையாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல் அவை உட்கார்ந்தன. மனசுக்குள் படம் எடுத்தே முடித்துவிட்டேன்.

யாழினி தன் பங்கு மாவை வைத்துக்கொண்டு வேறு எதுவோ செய்துகொண்டிருந்தாள். ஒன்று மீன். ஒன்று காது மாதிரி. ஒன்று சதுரம். நாலு மூலையும் மடித்த பெட்டி. மேலே தீக்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்திருந்தாள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டியது போல.

"கவின், கண்ண மூடு. இதுல உள்ள இன்னா வச்சேன்னு நீ பாக்கக் கூடாது" என்று அவள் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் காது கொடுக்கவில்லை.

அவள் அம்மாவை எழுப்பப் போனாள். நான் எல்லாவற்றையும் பானையில் போடத் தயாரானேன். மீனைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். சதுரத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தேன். மடிப்பு தடித்திருந்தது. "வெடிக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் கலங்கினால் என்னுடையவையும் அழுக்காகிவிடும். ஒன்றிரண்டு இடிச்ச புளி மாதிரி நடுவில் உட்கார்ந்தால் படம் என்ன ஆவது?

மூன்றையும் எடுத்துச் சிவப்புத் தட்டில், உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவில் போட்டேன். தட்டைக் கொல்லைப்புறக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பால் பொங்குகிற நேரம்.

படம் நன்றாக வந்தது. "ஜீரோ டிஃபெக்ட்!" என்று அதே நண்பர் எழுதியிருந்தார். குறையே இல்லையாம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். யாழினி கரண்டியால் தேடினாள். கரைந்திருக்கும் என்றேன். அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். அழவில்லை. "மீனும் கரைஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். தன் கைகளைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு போய்க் கழுவிக்கொண்டாள்.

வேலைக் காலம் முழுக்க நான் பிறருக்குச் சொன்ன ஒரு விதி உண்டு. சோதித்துப் பார்க்காமல் எதையும் தள்ளாதே. நல்ல பொருளுக்கு இல்லாத குறையை எழுதுவது, கெட்டதை நல்லது என்று விடுவதைப் போலவே பெரிய குற்றம். அதற்காக ஒரு பையனை நான் வேலையிலிருந்தே மாற்றியிருக்கிறேன். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவசரத்தில் செய்தான். எனக்கு அவசரம்கூட இல்லை.

காலி முக்காலி

அடுத்த ஞாயிறு யாழினி சமையலறைக்குள் வரவில்லை. "வீட்டுப்பாடம் தாத்தா" என்றாள். அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. அதற்கும் அடுத்த ஞாயிறு காரணமே சொல்லவில்லை. கூடத்தில் படுத்துக்கொண்டு படம் வரைந்தாள். கவினும் நானும் ஹங்கேரிக்காக ஏதோ ஒரு சிவப்புக் குழம்பு வைத்தோம். அவன் தக்காளியைத் தரையில் உருட்டி விளையாடினான். கலா வந்து உட்கார்ந்து, "இன்னா, வூடே சத்தமில்லாம கீது?" என்றாள்.

வாராவாரம் எங்கள் நால்வரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான். அது கண்ணெதிரே உலர்ந்துகொண்டிருந்தது. காரணம் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தி, தன் கை சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். இன்னொருவன், அது இல்லை என்று தெரிந்த நான்.

ஒரு சனிக்கிழமை மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததைப் பற்றிக் கலா யாழினியிடம் கேட்டாள்.

"அடுப்பில்லாத சமையல் போட்டியாமே? கிளாஸ்ல எல்லாரும் பேர் குடுத்தாங்களாம். நீ மட்டும் குடுக்கலன்னு மிஸ் சொல்றாங்க. இன்னாடி ஆச்சி உனுக்கு? வாராவாரம் நாடு நாடா ஆக்கறவ!"

"எனக்கு வராதும்மா. நான் செஞ்சா கரைஞ்சிடும்."

"அடுப்பே இல்லயாம். அதுல எப்பிட்றீ கரையும்?"

யாழினி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போலந்து ரிட்டர்ன்

மறுநாள் காலை கூடத்தில் அவள் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். சிவப்புத் தட்டைக் கொண்டு போய் அவள் முன்னால் வைத்து, நானும் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமம். அதனால்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஓடிவிட முடியாது.

"யாழினி, அன்னிக்கு உன்னோட சதுரம் கரையலம்மா. பானைக்குள்ளயே போகல. நான் எடுத்து இதுல போட்டேன். மீனையும், காது மாதிரி இருந்ததையும் சேத்து. குப்பையில கொட்டிட்டேன்."

பென்சிலை வைத்தாள். "ஏன்?"

"வடிவம் சரியில்லன்னு. போட்டோவுல நல்லா இருக்காதுன்னு."

"யாருக்கு போட்டோ?"

"என் ஃப்ரெண்ட்ஸுக்கு."

"அவங்களா சாப்புட்டாங்க?"

இல்லை என்றேன்.

"அப்ப கரைஞ்சிடுச்சின்னு சொன்னது?"

"பொய்."

"நீ பொய் சொல்லுவியா தாத்தா?" கோபமாகக்கூட அவள் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்மா. உன் கை மேல ஒரு குறையும் இல்ல."

படுக்கையறை வாசலில் கலா நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. கலைந்த தலையோடு, "இன்னா மாமா இது?" என்றாள். அவ்வளவுதான். மேலே பேசவில்லை. மரியாதையால் அல்ல. பேசினால் நிறுத்த மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினி சிவப்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்போ அது வெடிக்குமா வெடிக்காதான்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது. வேக வெச்சே பாக்கல."

"சரி. எழுந்திரு. பாக்கலாம்."

"இந்த வாரம் அம்மா பெட்டி பிரேசிலுக்குப் போகுதேம்மா?"

"பிரேசில் நிக்கட்டும். போலந்து ரிட்டர்ன் வந்துகீது."

கம்பெனியில், அனுப்பிய பெட்டி குறையோடு திரும்பி வந்தால் அதற்குப் பெயர் ரிட்டர்ன். வீட்டில் கலா அலுத்துக்கொண்டு சொல்வதை அவள் பிடித்து வைத்திருக்கிறாள். கலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தை விடவும் மனமில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. "வாயப் பாரு இதுக்கு" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டி என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். கொஞ்சம் வேகமாகத்தான் தூக்கினாள்.

எனக்குச் சமையலறைக்குள் அனுமதி இல்லை. வாசலில் நாற்காலி போட்டார்கள். உருளைக்கிழங்கு உரிப்பது மட்டும் என் வேலை. கவின்தான் எனக்கு மேற்பார்வை. "தாத்தா, இதுல கண்ணு கீது, நோண்டு" என்று ஒவ்வொன்றையும் திருப்பித் தந்தான்.

யாழினி நாலு மூலையும் மடித்துச் சதுரம் செய்தாள். தீக்குச்சியால் கோடு போட்டாள். முக்காலி மேல் ஏறி, கொதிக்கும் தண்ணீரில் விட்டாள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சமையலுக்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். வெடிக்கக் கூடாது, வல்லக்கோட்டை முருகா, வெடிக்கவே கூடாது.

சதுரம் அடிக்குப் போயிற்று. அசைந்தது. மெல்ல மேலே வந்து மிதந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம்.

ஒரு மூலை திறந்தது. பிறகு இன்னொரு மூலை. உருளைக்கிழங்கு புகை மாதிரி தண்ணீரில் பரவியது.

"வெடிச்சிடுச்சி!" என்று கவின் குதித்தான்.

நான் யாழினியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவள் திரும்பினாள். கண்ணாடி முழுக்க ஆவி. அதைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாய் காதுவரை விரிந்திருந்தது.

"தாத்தா! நீ சொன்ன மாதிரியே வெடிச்சிடுச்சி!"

"ஆமாம்மா."

"ஆனாலும் நீ சொன்னது பொய்தான்."

"ஆமாம்மா."

"மூலையில மாவு தடியா கீது. அதான் ஒட்டல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்ததைச் செய்யத் தொடங்கினாள். மூலையை விரல் நுனியால் தட்டையாக்கி, தண்ணீர் தொட்டு அழுத்தினாள். அதுவும் ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. அதற்கடுத்தது பிளக்கவில்லை. நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் கவின் ஒரு உருளைக்கிழங்கைத் திருப்பித் தந்தான்.

சாப்பிட உட்கார்ந்தபோது மேசை போர்க்களமாக இருந்தது. வெடித்தவை எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து கஞ்சி மாதிரி ஆகியிருந்தன. அதில் மிளகுத்தூள் தூவிக் கிண்ணங்களில் ஊற்றினாள் கலா. குடிக்க நன்றாகவே இருந்தது. இசக்கி மாடியிலிருந்து இறங்கி வந்து, "இன்னைக்கி எந்த ஊரு?" என்று கேட்டு ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனான். மீன் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. வால் மட்டும் இல்லை.

பழக்க தோஷம், என் கை சட்டைப்பைக்குப் போனது. போனை வெளியே எடுத்தேன். உண்மையில் அன்றைய மேசையைப் படம் எடுக்க ஆசையாக இருந்தது.

யாழினி அதைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சிவப்புத் தட்டைக் கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். கடையில் பில் போடுகிறவர்கள் காசுக்குக் கை நீட்டுவதுபோல், சாதாரணமாக. நான் போனை அதில் வைத்தேன். கவின் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினான்.

இதை எல்லாம் மாலையில் வேலை முடிந்து வந்த கார்த்தியிடம் நானே சொன்னேன். சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "அவகிட்ட சொல்லிட்டியேப்பா. நல்லது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். வாட்ஸ்அப் குழு நண்பர்களிடம் சொல்லவில்லை. அதை எழுத இன்னும் கை வரவில்லை.

ஆனால் அது மாலையில். மதியம், கலாவின் தட்டில் சதுரம் வந்து விழுந்தது. மேலே டேப் ஒட்டியதுபோல் கோடு. ஒரு மூலை கொஞ்சம் சப்பையாக இருந்தது.

"இன்னாடி உள்ள வச்சிக்கீற?"

"துன்னு பாரு."

கலா கடித்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு கண் மூடிக்கொண்டது, தோள் காதுவரை ஏறியது, நாக்கு சப்புக்கொட்டியது. எலுமிச்சங்காய் ஊறுகாய். இரவு ஷிப்ட் வாரங்களில் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து பழைய சோற்றுக்கு அவள் தேடுவது அதைத்தான்.

"போலந்துல ஊறுகா வெப்பாங்களாடி?"

"வெக்க மாட்டாங்க. இது உன் பெட்டி."

கலா மீதிப் பாதியை ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். சிவப்புத் தட்டுக்குள் போன் இரண்டு முறை உறுமியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எந்த நாடு என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.